நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம்

தமிழ்நாட்டில் 1974இல் மதுவிலக்கு திரும்ப வந்து 1981 வரை நீடித்தது. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு சட்டம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தரங்கம்பாடியிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் பொறையாறு, அதைத் தாண்டி நண்டலாற்றுப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் காரைக்கால். 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, பிறகு புதுச்சேரியோடு போன மண். அங்கே மதுவிலக்கு கிடையாது.

என் தாய்மாமா பொறையாறு பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கப்பிள்ளை. சனிக்கிழமை சாயங்காலம் மில் வேலையாகக் காரைக்கால் போவார். காலேஜ் லீவில் நான் ஊரில் இருந்தால் என்னையும் கூட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் கடைத்தெருவை ஒட்டிய ஒரு பாருக்குப் போவோம்.

அந்த வயசில் பார் என்றால் என் மனசில் இருந்தது சினிமாவில் வந்த பார்தான். தொப்பியும் துப்பாக்கியுமாக ஜெய்சங்கர் குதிரையேறி வந்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ இரண்டும் 1972இல் வந்தவை. கர்ணன் எடுத்த அந்த கௌபாய் படங்களையும், டூரிங் டாக்கீஸ் வரைக்கும் வந்து சேர்ந்த ஆங்கிலப் படங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முன்னும் பின்னும் ஆடுகிற அரைக்கதவு, அதைத் தள்ளிக்கொண்டு வருகிறவனைப் பார்த்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்துவது, அடுத்த நிமிஷம் நாற்காலி பறப்பது. பார் என்றால் இதுதான்.

காரைக்கால் பாரிலும் அரைக்கதவு இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் மில் கணக்கப்பிள்ளைகள், மீன் ஏலம் முடித்த வியாபாரிகள், நெல் தரகர்கள், பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குகிற வயசானவர்கள். யார் வந்தாலும் பேச்சு நிற்காது, இன்னும் கூடும். கல்லாவில் இருந்த பெரியவர் ஒவ்வொருவரையும் தொழிலோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

“வாங்க கணக்கப்பிள்ளை. தம்பி யாரு, அக்கா மகனா?”

எனக்குக் கேட்காமலே பன்னீர் சோடா வரும். மாமாவுக்கு பிராந்தி, அவிச்ச முட்டை மேல மிளகுத்தூள், சின்னத் தட்டில் வறுத்த நெத்திலி. மேசையில் கூஜா நிறையத் தண்ணீர் இருக்கும். பின்பக்கம் கை கழுவக் குழாய், பக்கத்தில் சுத்தமான கழிப்பறை. மாமா இரண்டாவது கிளாஸை முடிக்கும்போது பெரியவர் கல்லாவிலிருந்தே குரல் கொடுப்பார்: “கணக்கப்பிள்ளை, இன்னிக்கு இது போதும். கடைசி பஸ்ஸு போயிரும்.” மாமா மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை. அறுப்புக்கூலியோடு வருகிற ஆளிடம் பாதிப் பணத்தை முதலிலேயே வாங்கிக் கல்லாவில் வைப்பார் அந்த மனுஷன். போகும்போது எண்ணிக் கொடுத்து, “வீட்டுல குடுத்துரு” என்பார். வருமானத்தைக் குறைக்கிற காரியம் அது. அவர் செய்தார்.

அந்தக் காலத்தைப் பொன்னாக்கிப் பேச எனக்கு மனசு வரவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் திருட்டுச் சாராயம் ஓடியது, வயலில் நடவு நட்ட பெண்கள் ராத்திரி அடி வாங்கினார்கள், சில வீடுகளில் பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போயின. எல்லா பாரிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்திருக்கவும் மாட்டார். ஆனால் ஒரு மனுஷன் குடிக்கப் போன இடத்தில் அவனுக்கு ஒரு மரியாதை இருக்க முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதை மறைத்து எழுத முடியாது.

இந்த பார் கதையில் எங்கள் தரங்கம்பாடியின் பங்கும் உண்டு. மேல்நாட்டுக் குடி எங்கள் ஊருக்கு சினிமா வழியாக வரவில்லை, கப்பலில் வந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையின் கீழ்த்தளத்தில் சிறையும் கிடங்கும் இருந்த வரிசையிலேயே ஒயினும் பீரும் வைக்கிற அறைகளும் இருந்தன. 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை இருநூறு வருஷத்துக்கு மேல் இங்கே ஒரு ஐரோப்பியத் தெருவே இருந்தது. அதன் தூண் வைத்த தாழ்வாரங்களை இன்றைக்கும் கிங்ஸ் தெருவில் பார்க்கலாம்.

அந்தத் தெருவைப் பார்த்து வளர்ந்த என்னை, 2000களில் மாமாவின் மகன் சென்னையில் ஒரு ‘பப்’புக்குக் கூட்டிப்போனான். சாஃப்ட்வேரில் வேலை, நல்ல சம்பளம், பாசக்காரன். தி.நகரில் ‘டென் டவுனிங் ஸ்ட்ரீட்’, ‘பைக் அண்ட் பேரல்’, டி.டி.கே. சாலை நட்சத்திர ஹோட்டலில் ‘டப்ளின்’ என்று அப்போது பேர் வாங்கிய இடங்கள் பல. லண்டனும் அயர்லாந்தும் பேரிலேயே வந்துவிடும். தமிழ்நாட்டில் இந்த மாதிரி உரிமம் ஹோட்டலுக்கும் கிளப்புக்கும்தான் கிடைக்கும் என்பதால் இவையெல்லாம் ஹோட்டல்களுக்குள்ளேயே இருக்கும்.

நாங்கள் போனதும் அந்த வகையில் ஒன்று. வாசலில் ஆளைப் பார்த்து, செருப்பைப் பார்த்து உள்ளே விட்டார்கள். உள்ளே கருத்த மரம், மங்கல் வெளிச்சம், பித்தளைக் கம்பி, கால் தரையில் படாத உயரமான ஸ்டூல். பாட்டுச் சத்தத்தில் மச்சான் என் காதருகே வந்து கத்தினான்: “அத்தான், வெளிநாட்டுல ஒவ்வொரு தெருவுலயும் இப்படி ஒரு இடம் இருக்குமாம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமாம்.” அவன் கண்ணில் ஒரு ஆசை தெரிந்தது. எனக்கு உள்ளே என்னவோ செய்தது. அவன் அப்பாவுக்கு அப்படி ஓர் இடம் நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் இருந்ததை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். பில் வந்தது. மாமாவின் ஒரு வருஷச் சனிக்கிழமைகளுக்குக் காணும்.

அந்த இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். உட்கார இடம், சுத்தமான கழிப்பறை, அச்சடித்த பில், பணிவான பேச்சு எல்லாம் இருந்தன. கேள்வி ஒன்றுதான். இத்தனையும் கிடைக்க ஒருத்தன் அவ்வளவு சம்பளம் வாங்கியிருக்க வேண்டுமா?

கூலிக்கு வேலை செய்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்த்துவிட்டேன். சில வருஷத்துக்கு முன் உறவுக்கார இளைஞன் ஒருவன் வீடு திரும்பவில்லை என்று தேடிக்கொண்டு டெல்டாவில் ஓர் ஊர்க்கோடி பாருக்குப் போனேன். தகரக் கொட்டகை, ஈரத் தரை, முழங்கால் உயரச் சிமெண்டுத் திட்டு. மேசைக்குக் கீழே எச்சிலும் பிளாஸ்டிக் டம்ளரும். தண்ணீர் பாக்கெட்டுக்கும் டம்ளருக்கும் தனித்தனிக் காசு, எதற்கும் பில் இல்லை. கழிப்பறை கேட்ட ஒருவருக்குப் பின்னால் இருந்த வாய்க்காலைக் காட்டினார்கள். அந்த வாய்க்கால் கீழே நாற்றங்காலுக்குப் போகிறது. நான் தேடிப்போன பையன் சுவரோரம் கிடந்தான். அவன் பேர் அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. பதினைந்து வருஷமாக அந்த ஊர்க்காரன் அவன்.

இன்றைக்கு விற்கிறவர் யார்? 1983இல் அரசு தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24இல் மட்டும் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பவன் பப்பில் ஸ்டூலில் உட்காருகிறவன் இல்லை, தகரக் கொட்டகையில் நின்றுகொண்டு குடிக்கிறவன்தான். ‘போதும், வீட்டுக்குப் போ’ என்று சொல்ல அங்கே ஆளில்லை. அப்படிச் சொல்வது யார் வேலை என்று எங்கேயும் எழுதியிருக்கவும் இல்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. விபத்தைக் குறைக்க வந்த நல்ல தீர்ப்பு. சாலையோரத்திலிருந்து கிளம்பிய கடைகளில் பல எங்கள் பக்கம் வயல்வெளிக்குள் வந்தன. பாரில் உட்கார இடம் இல்லாதவன் வரப்பில் உட்கார்ந்தான், குடித்த பாட்டிலை மடையில் அடித்தான். சேற்றுக்குள் கிடக்கிற கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாது. சேற்றில் செருப்புப் போட்டு நடவு நட முடியாது. நடவுப் பெண்களின் பாதத்தைக் கிழிப்பது அந்தச் சில்லுதான். அவர்கள் அந்தக் கடைப்பக்கமே போனதில்லை.

விலையில் வித்தியாசம் இருப்பதால் இன்றைக்கும் நண்டலாற்றில் சோதனைச்சாவடி இருக்கிறது. மூட்டைக்குள்ளும் பைக் சீட்டுக்கடியிலும் பாட்டில் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. மாமா காலத்தில் ஆட்கள் ஓரிடம் தேடி அந்தப் பாலத்தைத் தாண்டினார்கள். இப்போது சரக்கு மட்டும் தாண்டுகிறது.

கடையை மூடுங்கள் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்கள் வீடுகளில் நடந்தது எனக்குத் தெரியும். ஆனால் மூடுகிற நாள் வரைக்கும் விற்பது அரசு என்றால், வாங்குகிறவன் அரசின் வாடிக்கையாளன். அச்சடித்த விலைக்கு பில், குடிக்கத் தண்ணீர், உட்கார நாற்காலி, கழிப்பறை, விட முடியாமல் தவிக்கிறவனுக்குத் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே சிகிச்சை, இவ்வளவும் அந்த 45,000 கோடியிலிருந்தே வரலாம். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. அங்கே காட்டு விலங்குகளின் காலுக்காக நீதிமன்றம் கேட்டுச் செய்தது அது. டெல்டாவில் ஒவ்வொரு கடையிலும் அதைத் தவறாமல் நடத்துங்கள். நடவு நடும் பெண்களின் காலுக்காகக் கேட்கிறோம்.