சர்க்கரை வளர்ப்போர் கையேடு

நாய் வளர்ப்பில் பேர் வாங்கிய ஊர் ராஜபாளையம். பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்துகொண்டு, உடம்பில் இருக்கிற சுகரை ஒழுங்காக வளர்க்கத் தெரியாமல் இருக்கலாமா? பாதி வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். மீதிக்கு வழி இதோ.

1. வெளியே மூச்சுவிடாதீர்கள். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடென்றால் இது கட்டாயம். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை கொண்டுவருகிற அம்மா தெருமுனையில் தலைகாட்டியதும் கதவைச் சாத்துங்கள். எதிர்வீட்டு மதினி பார்த்துவிட்டால், "அவுக வீட்ல பரம்பரையாவே சுகராம்ல" என்ற சேதி சாயங்காலத்துக்குள் வத்திராயிருப்பு போய்ச் சேர்ந்துவிடும்.

2. டாக்டரிடம் போகுமுன் இரண்டு நாள் வாயைக் கட்டுங்கள். ஃபாஸ்டிங் 126-க்குக் கீழே இறங்கினாலும் இறங்கும். திரும்பும்போது கால் கிலோ பால்கோவா வாங்கிக் கொண்டாடுங்கள். ஹெச்பிஏ1சி எழுதினால் மட்டும் உஷார். அது மூன்று மாதக் கதையையும் கக்கிவிடும். "அடுத்த தடவை பாத்துக்கிடலாம் சார்" என்று நழுவுங்கள்.

3. நோயாளி உங்கள் மனைவி என்றால், அவரைப் பேச விடாதீர்கள். "ராத்திரி தூக்கம் எப்படிம்மா?" என்று டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்பார். நீங்கள் முந்திக்கொண்டு, "நல்லாத் தூங்குறா சார்" என்று சொல்லுங்கள். நீங்கள் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர், வீட்டில் அவர் எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போனார் என்று எப்படித் தெரியும் என்றெல்லாம் டாக்டர் துருவ மாட்டார். வெளியே இன்னும் நாற்பது பேர் டோக்கனோடு இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும். மீந்த சோற்றோடு அவர் கடைசியில் உட்காரட்டும். மாத்திரையும் அப்போதுதான்.

4. இன்சுலின் என்ற பேச்சு வந்தால் எழுந்துவிடுங்கள். அது கடைசி ஸ்டேஜில் போடுவது. 1922-ல் முதன்முதலில் அந்த ஊசி போட்டுக்கொண்டவன், கனடாவில் சாகக் கிடந்த 14 வயதுப் பையன்; அதற்கப்புறம் 13 வருஷம் இருந்தான். இதெல்லாம் வாட்ஸ்அப்பில் வராத செய்தி, நம்பாதீர்கள். வெந்தயத் தண்ணி, ஆவாரம்பூ, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் வெள்ளை மாத்திரை போதும்.

5. இனி பாதம். இங்கேதான் நம் ஆட்கள் நிபுணர்கள். எம்.சி.ஆர். செருப்பு வாங்கி, வீட்டுக்குள்ளும் போட்டு நடக்கச் சொல்வார் டாக்டர். வாங்குங்கள், வாசலோடு கழற்றுங்கள். சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் செருப்பா? ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேரை வெறுங்காலோடு இழுங்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கத் தார் ரோட்டில் நடங்கள். கூட வருகிறவர்கள் சூடு தாங்காமல் நிழல் நிழலாகத் தாவுவார்கள். நரம்பு மரத்துப்போன உங்கள் கால் அசராமல் போகும். "ஆத்தா அருள்" என்பார்கள். மறுக்காதீர்கள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கவும் வேண்டாம். பாயில் ஈரக்கறை படிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

6. புண்ணில் காபித்தூளை அப்புங்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியைத் தறி தறியாக நெய்து ஊரெல்லாம் அனுப்புகிறார்கள், அதில் நாலு சுற்று மேலே. வெளியே வெள்ளை வெளேரென்று இருக்கும்வரை அவிழ்க்காதீர்கள்.

7. பார்க்க வருகிறவர்கள் அரைக் கிலோ பால்கோவாவோடுதான் வருவார்கள். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள்.

8. மதுரைக்குக் கொண்டுபோனதும், "ரெண்டு விரலை எடுத்துட்டா காலைக் காப்பாத்திடலாம், இன்னைக்கே செய்யணும்" என்பார் டாக்டர். பதறாதீர்கள். கையெழுத்துப் போட மூத்த மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து வர வேண்டும். வந்ததும் காலண்டரைப் பாருங்கள். ஞாயிறு அஷ்டமி. திங்கள் நவமி. செவ்வாயில் உடம்பில் கத்தி வைக்க அத்தை விடமாட்டார். புதன்கிழமை, எமகண்டம் கழித்து, தெம்பாகப் போய்ச் சம்மதம் சொல்லுங்கள். அதற்குள் டாக்டர் விரல் பேச்சை விட்டு முழங்காலுக்கு வந்திருப்பார்.