சீர் பீரோவும் சிக்னலும்

எங்கள் வீட்டில் வைஃபை எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று விருந்தாளிகள் கேட்டால், "வாசல்ல, செருப்பு விடுற இடத்துல" என்று பதில் சொல்வது வழக்கம். பைபர் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி ஜன்னலோரம் ஓட்டை போட்டு வயரை உள்ளே இழுத்தார். வயர் எட்டிப் பார்த்த இடத்துக்கு நேர் மேலே ஆணியடித்து ரூட்டரை மாட்டிவிட்டுக் கிளம்பினார். அவருக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருந்தது. அன்று முதல் எங்கள் இணையத்தில் பாதி தெருவில் போகிற ஆடு மாடுகளுக்கு. மாடியில் உட்கார்ந்து படிக்கிற என் மகனுக்கு, திரையில் சுற்றுகிற வட்டம் மட்டும்.

ரேடியோ அலை எல்லாப் பக்கமும் பரவும். தூரம் இரு மடங்கானால் வலிமை நாலில் ஒரு பங்காகிவிடும். இது சுவரே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. தூத்துக்குடியில் அப்பா காலத்தில் கட்டிய ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர்களுக்குள் அதுவும் பொருந்தாது. ஆகவே ரூட்டரை வீட்டின் நடுவில், உயரமாக, நாலு பக்கமும் திறந்த இடத்தில் வைக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான். எங்கள் வீட்டின் நடுவில் என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

பீரோ இருக்கிறது. கல்யாணத்துக்கு மாமனார் சீராகக் கொடுத்தது. முழு இரும்பு, கதவில் ஆளுயரக் கண்ணாடி. ரேடியோ அலை இரும்பை ஊடுருவாது, பட்டால் திரும்பிவிடும். கண்ணாடியின் முதுகிலும் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. மாடிப்படிக்கு முன்னால் இப்படி ஒரு கோட்டை நின்றால் அலை எந்த வழியாகப் போகும்? இதை அறிவியல் பூர்வமாகத்தான் விளக்கினேன்.

"இத்தனை வருஷம் கழிச்சு எங்க அப்பா வாங்கிக் கொடுத்த பீரோதான் உங்களுக்கு இடைஞ்சலாத் தெரியுதாக்கும்?" என்றாள் மனைவி.

பீரோ அங்கேயேதான் இருக்கிறது. இனியும் இருக்கும்.

சாமான்களில் முட்டுகிற அலையோடு எனக்கு முன்பே மல்லுக்கட்டியவர் ஒருவர் உண்டு: ஜான் ஓசுல்லிவன் என்று ஓர் ஆஸ்திரேலியப் பொறியாளர். 1970-களில் சிறு கருந்துளைகள் வெடித்தால் எழும் ரேடியோ அலைகளைப் பிடிக்கலாம் என்று தேடியவர்களில் ஒருவர். கருந்துளை கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் துறையில் கைவந்த கணக்குகள் 1990-களில் அவருக்கும் சிஎஸ்ஐஆர்ஓ என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் உடனிருந்தவர்களுக்கும் உதவின. அறைக்குள் சுவரிலும் சாமானிலும் பட்டுத் தெறித்து ஒன்றன்மேல் ஒன்று விழுகிற அலைகளிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்க வழி கண்டார்கள். இன்று வைஃபை வேகமாக ஓடுவதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் சமாளித்த மனிதர். சீர் வரிசை அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்து அம்மா களத்தில் இறங்கினார். "ஏய்யா, கரண்டு சாமானை அக்கினி மூலையில வைக்கணும். நீ ஈசானிய மூலையில மாட்டிவச்சா அது எப்படி வெளங்கும்?"

எங்கள் வீட்டு அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு, சமையலறை. அங்கே ஒரு பக்கம் பிரிட்ஜ், அதுவும் இரும்பு. மறுபக்கம் மைக்ரோவேவ் ஓவன். ஓவன் வேலை செய்வது 2.45 ஜிகாஹெர்ட்ஸில், வைஃபையின் பழைய பாதையும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான். ஓவன் போன்ற கருவிகள் இரைச்சல் போடுவதால் வேறு யாரும் பெரிதாக ஆசைப்படாத அலைவரிசை அது. 1985-இல் அமெரிக்காவில், லைசென்ஸ் வாங்காமலே அதில் தகவல் அனுப்பிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். ரூட்டர் அனுப்புவதோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. பக்கத்தில் நூற்றுக்கணக்கான வாட்டில் சாம்பார் சூடாகும்போது கசிகிற துளியே அதைத் திணறடிக்கப் போதும். இன்னொரு பாதையான 5 ஜிகாஹெர்ட்ஸ் ஓவனுக்கு அஞ்சாது, சுவருக்கு அஞ்சும்.

அம்மாவிடம் இதில் எதையும் சொல்லவில்லை. "சமையக்கட்டுல வச்சா எண்ணெய்ப் பிசுக்கு ஏறும்மா" என்றேன். உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, தூசி படாமலிருக்க ரூட்டருக்குப் பூவேலை போட்ட துணி ஒன்றைப் போர்த்தினார். துணி சிக்னலைத் தடுக்காது, சூட்டைத்தான் தடுக்கும். அவர் தூங்கும்போது எடுத்துவிடுவேன், எழுந்ததும் போர்த்திவிடுவார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு மட்டும் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கிறது.

எங்கள் தலைமுறைக்கு ஆண்டெனா புதிதல்ல. 1980-களில் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க எங்கள் ஊர்ப்பக்கம் மொட்டை மாடிதோறும் ஆளேறினார்கள். மேலே ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கீழிருந்து ஒருவர் "தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு" என்று கத்துவார். அந்த அனுபவத்தில், ரூட்டரின் குச்சிகளையும் மாடியைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் அலை மேலே போகும் என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. போகாது. குச்சியைச் சுற்றி அலை பரவுகிற வடிவம் உளுந்து வடை போன்றது. ஓட்டைக்குள் குச்சி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனி காட்டுகிற திசையில் வடையே இல்லை. குச்சி நிமிர்ந்திருந்தால் அந்தத் தளம் முழுக்கக் கிடைக்கும். மாடிக்கு வேண்டுமானால் ஒரு குச்சியைப் படுக்க வைக்க வேண்டும். வைத்தோம். மாடியில் வட்டம் சுற்றுவது நின்று, படம் விட்டு விட்டு ஓடியது. இதையும் முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைக்காரர் ரிப்பீட்டர் வாங்கச் சொன்னார். சிக்னல் செத்துப்போன அறையிலேயே அதைச் செருகிவைத்து, "ஒண்ணும் ஆகல" என்று திட்டுபவர்கள் ஏராளம். வராத சிக்னலை அது எங்கிருந்து வாங்கி அனுப்பும்? பாதி வழியில், இன்னும் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் வைக்க வேண்டும். விலை மலிவான ரகங்கள் ஒரே ரேடியோவில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பாதி வழியிலும் பீரோதான்.

கடைசியில் மகன் பரணில் கிடந்த பழைய ரூட்டரை இறக்கினான். எலெக்ட்ரீசியன் சுவரோரமாக, பீரோவுக்குப் பின்னால், அதன் மேல் கைபடாமல் லேன் கேபிளை மாடிக்கு இழுத்தார். 100 மீட்டர் வரை அந்தக் கேபிள் தாங்கும். எங்களுக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படவில்லை. பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்புகிற பெட்டியாக மாற்றி மாடியில் வைத்தான். இப்போது அங்கே படம் தடையில்லாமல் ஓடுகிறது. படிப்பு எப்படி ஓடுகிறது என்று கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டிலும் இதே கதை என்றால், காசு செலவழிக்குமுன் ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தோ ஜன்னல் மூலையிலிருந்தோ எடுத்து, நடு வீட்டில் உயரமாக வைத்துப் பாருங்கள். பலருக்கும் அதுவே போதும். நடு வீட்டில் மாமனார் கொடுத்த சாமான் ஏதாவது இருந்தால், வாதம் செய்யாமல் நேராகப் போய்க் கேபிள் வாங்கிவிடுங்கள்.