கொட்டாய்க்காரர்

கொட்டாய்க்காரர் என்பவர், பணி ஓய்வின்போது கிடைத்த பணத்தில் திருத்தணி மலையடிவாரக் கிராமம் ஒன்றில் அரை ஏக்கர் நிலம் வாங்கி, அதன் நடுவே தகரக் கூரை போட்ட ஓர் அறையைக் கட்டியவர். சென்னை உறவினர்களிடம் அதை அவர் ‘ஃபார்ம் ஹவுஸ்’ என்பார். ஊர்க்காரர்கள் ‘சாரு கொட்டாய்’ என்பார்கள். ஊர்க்காரர்கள் சொல்வதே சரி.

வங்கி, ரயில்வே, மின்வாரியம், பள்ளிக்கல்வி ஆகிய துறைகளே இவரைப் பெரும்பாலும் உற்பத்தி செய்கின்றன. சென்னையிலிருந்து 85 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் திருத்தணிக்கு மின்சார ரயிலே வருவதால், ஆசை எளிதில் பற்றிக்கொள்ளும். மனை விற்றவர் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் மூன்று சிறப்புகள் அச்சிட்டிருக்கும்: மயில் அகவும் அமைதியான சூழல், வனத்தை ஒட்டிய இடம், முருகன் மலை தெரியும் மனை. மூன்றும் உண்மை. அவருடைய துன்பங்கள் அனைத்தும் இந்த மூன்றிலிருந்தே புறப்படுகின்றன.

முதலில் மயில். வேர்க்கடலை விதைத்த மறுநாள் காலை, கூலியாள் விதைத்ததைவிட ஒழுங்காக, வரிசை தப்பாமல் குனிந்து குனிந்து பொறுக்கும். 1963 முதல் அது தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. இதற்கெல்லாம் மேலாக, எதிரே மலைமேல் இருப்பவரின் வாகனம். எனவே கொட்டாய்க்காரர் மண்ணாங்கட்டியைக் கையில் எடுத்ததும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்; பிறகு மயிலுக்கு நான்கு முழம் தள்ளி எறிவார். திருத்தணிக் கோயிலில் மூலவர் முன்னால் மயில் நிற்பதில்லை, யானைதான் நிற்கிறது. தெய்வானைக்குச் சீதனமாக வந்த ஐராவதம் அது என்பது தலபுராணம். முருகனும் எப்போதோ கடலை போட்டிருப்பார் என்பது கொட்டாய்க்காரரின் விளக்கம்.

அடுத்தது குரங்கு. இங்கு வருவது தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக்குரங்கு. உச்சந்தலை மயிர் வகிடெடுத்துத் தொப்பி கவிழ்த்தாற்போல் இருக்கும். கன்னத்தின் உட்புறம் பை உண்டு. கிடைத்ததை முதலில் அதில் திணித்துக்கொண்டு, கூரைமேல் போய் உட்கார்ந்து ஆற அமர மெல்லும். மாங்காயை முழுதாகத் தின்றால்கூட மனம் ஆறும். ஒரு கடி கடித்துப் புளிப்பு பார்த்துவிட்டுக் கீழே போடும், அடுத்ததை எடுக்கும். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திருகித் திறக்கும். குட்டிகள் உள்ளே குளிக்கும். அந்தத் தண்ணீரில்தான் சாருக்குக் காபி. திருத்தணி மலைக்குப் படிகள் 365, நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. குரங்குகளும் அதே கணக்கில் வருகின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் தற்செயல் விடுப்பை எண்ணி எண்ணி எடுத்தவருக்கு, ஞாயிறும் வேலைக்கு வரும் இந்தக் கூட்டம் முதலில் வியப்பையும் பிறகு பயத்தையும் தரும்.

மூன்றாவது காட்டுப்பன்றி. இது இரவில் வரும், கண்ணில் படாது, காலையில் நிலம் உழுதாற்போல் கிடக்கும். 2025 ஜனவரியில் வந்த தமிழக அரசின் ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். அதற்குள் என்றால் சுடக் கூடாது. கொட்டாய்க்காரர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து அளப்பார். 2.9 கிலோமீட்டர் காட்டும். வனத்தை ஒட்டிய இடம் என்று கூடுதல் விலை கொடுத்தது அப்போது நினைவுக்கு வரும்.

ஆயுதங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்து சேரும். முதலில் தகர டப்பா, பிறகு பட்டாசு, பழைய சிடிக்கள். பன்றிக்கு மனைவியின் பழைய சேலைகளை வேலி நெடுகக் கட்டுவார். அவற்றுள் ஒன்று பழையதல்ல என்பது அடுத்த கல்யாணத்தின்போது தெரியவரும். மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கலாம் என்று டீக்கடையில் யாராவது யோசனை சொல்வார்கள். அது குற்றம், ஆளையும் கொல்லும் என்று மின்வாரியத்தில் இருந்த கொட்டாய்க்காரர் மணிக்கணக்காக விளக்குவார். அவர் நடத்தும் போரில் அவர் தெளிவாக இருக்கும் ஒரே இடம் அது.

கடைசியில் புலி பொம்மை வரும். முதல் நாள் குரங்குகள் புளியமரத்தை விட்டு இறங்காது. சார் எல்லோருக்கும் போன் செய்வார். இரண்டாம் நாள் கிழட்டுக் கடுவன் ஒன்று வந்து புலியின் வாலை இழுத்துப் பார்க்கும். மூன்றாம் நாள் தாய்க்குரங்கு புலிமேல் சாய்ந்து உட்கார்ந்து அதற்குப் பேன் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதில் அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. டெல்லியில் நாடாளுமன்ற வட்டாரத்துக் குரங்குகளை விரட்ட, மந்தியைப் போலக் குரல் கொடுக்கும் 40 பேரை அமர்த்தியிருப்பதாக 2014இல் அரசே அவையில் சொன்னது. கர்நாடக மலைநாட்டில் ஒரு விவசாயி தம் நாய்க்குப் புலிவரி தீட்டித் தோப்பில் விட்டார்.

மொழியும் ஓர் ஆயுதம். சார் தமிழில் அதட்டுவார். தோட்டத்து ஆள் “போரா!” என்று தெலுங்கில் விரட்டுவார். 1960 ஏப்ரல் 1ஆம் தேதிவரை இந்த வட்டாரம் ஆந்திராவில் இருந்தது. எந்த மொழி செல்லும் என்று குரங்குகள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒருவழியாக அவை நகர்ந்தாலும், சாயங்காலம் பக்கத்துக் கழனிக்காரர் வரப்பில் வந்து நிற்பார்.

“சார், நீங்க வெரட்டறதெல்லாம் நம்ம கழனிக்குத்தான் வருது.”

“நான் என்ன பண்றது நைனா?”

“பண்றதுக்கு ஒண்ணுமில்ல சார். நாளைக்கு நான் வெரட்டுவேன். அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

விரட்டுவதில் இந்த மண்ணின் மூத்தவள் வள்ளி. பரண்மேல் நின்று, கையில் கவணோடு ஆலோலம் பாடித் தினைப்புனம் காத்தவள். முருகன் அவளை மணந்தது திருத்தணியில் என்பது ஐதிகம். அவள் கவண் பலித்தது கிளிகளிடம் மட்டும். வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவராகவும் வந்தவரிடம் பலிக்கவில்லை. ஆனாலும் அவள் முறைதான் இன்றுவரை தேய்மானம் இல்லாதது: ஆள் பரண்மேல் இருக்க வேண்டும். சத்தம், வெளிச்சம், பொம்மை எதுவானாலும் சில நாளில் குரங்குக்குப் பழகிவிடும். உட்கார்ந்திருக்கும் மனிதர் எப்போது எழுந்து வருவார் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. கொட்டாய்க்காரர் ஓராண்டுக்குள் இந்த முடிவுக்கு வந்து, மாமரத்தடியில் நாற்காலியைப் போட்டு, காலை ஆறு முதல் மாலை ஆறுவரை உட்கார்ந்துவிடுவார். புலி பொம்மைக்கு அன்றோடு ஓய்வு.

கண் மங்கி, முழங்கால் மடங்க மறுக்கும் ஆண்டில் அவர் நிலத்தை விற்க முடிவெடுப்பார். விளம்பர வாசகத்தை வேறு யாரிடமும் விடாமல் தாமே எழுதுவார்: மயில் அகவும் அமைதியான சூழல், வனத்தை ஒட்டிய இடம், முருகன் மலை தெரியும் மனை. கீழே, சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்ப்பார்: நாற்காலி இலவசம்.