பழைய ஸ்கீ-டூவும் திருட்டுக் காற்றும்

கே: என் 1971 ஸ்கீ-டூ ஒலிம்பிக் பனி வண்டி ஒரே இழுப்பில் கிளம்புகிறது. பத்து நிமிடத்தில் திணறல். சோக்கைப் பாதி போட்டால் மறுபடி ஜோராக ஓடுகிறது. கார்புரேட்டர் திருகை எந்தப் பக்கம் திருப்ப? (சட்பரி)

ப: ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள்! பழைய எஞ்சின்களைக் கொன்றதில் துருவை விட அதற்குப் பங்கு அதிகம்.

சோக் போட்டதும் சரியாகிறது என்றால், ஒன்று பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ திருட்டுக் காற்று நுழைகிறது. கிளம்பும்போது சோக் அந்தக் குறையை மறைத்துவிடும். (சோக்குக்கும் அடங்காவிட்டால் காயிலையும் கண்டென்சரையும் சந்தேகப்பட்டிருக்கலாம்.) டூ-ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும். கிராங்க் ஷாஃப்ட்டின் இரு பக்கமும் ரப்பர் சீல் உண்டு. அரை நூற்றாண்டு ரப்பர் கல்லாகியிருக்கும். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் பக்கத்தையும் அடைத்து, உள்ளே 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், நல்ல சீலும் பிதுங்கிவிடும். சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் திருடன்!

குமிழியே இல்லையா? டில்லட்சன் கார்புரேட்டரின் டயாஃப்ரம்மை மாற்றுங்கள். கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பில்தான் அதன் பம்ப் பெட்ரோலை இழுக்கிறது. விறைத்த டயாஃப்ரம் துடிக்காது. எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தப் பழைய ரப்பருக்கு எமன் என்பதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இன்னும் சொல்வேன்.

தள்ளிப்போடாதீர்கள். இதில் எண்ணெயும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கே: மைனஸ் 5-இல் ஓடுகிறது, மைனஸ் 25-இல் திணறுகிறதே? (ஒட்டாவா)

ப: குளிர்காற்று அடர்த்தி அதிகம், கூடுதல் பெட்ரோல் கேட்கும். ஹை-ஸ்பீடு ஊசியைக் கொஞ்சம் திறங்கள். உங்களுக்கு மட்டும் ஸ்குரூ டிரைவர் அனுமதி.

கே: பிளக் என்ன நிறத்தில் இருக்க வேண்டும்? (பேரி)

ப: காபிப்பொடி நிறம். வெளுத்திருந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

கே: போன மார்ச்சில் ஊற்றிய பெட்ரோல் போதாதா? (லவால்)

ப: போதாது. அடுத்த கேள்வி.

கே: புதிது வாங்கலாமே, இந்தக் கிழத்தின் மேல் என்ன பாசம்? (மிசிசாகா)

ப: 1934 குளிர்காலம். கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப்-அர்மான் பம்பார்டியே என்ற இளம் மெக்கானிக்கின் இரண்டு வயது மகன் ஈவோன், வயிற்றுக்குள் கிருமி பரவித் துடித்தான். பாதையெல்லாம் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்தது. பனி வண்டிக் கனவு பம்பார்டியேவுக்குச் சிறுவயதிலிருந்தே இருந்தது. அதற்குப் பிறகு அவர் விடவில்லை. 1937-இல் பல்சக்கரமும் பட்டையும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு ஏழு பேர் உட்காரும் பி-7 வந்தது. அந்த வகை வண்டிகளில் டாக்டர்கள் பனியைக் கடந்து நோயாளிகளிடம் போனார்கள். 1959-இல் சின்ன ஸ்கீ-டூ. உங்கள் பக்கத்து வீட்டு ஷெட்டில் துருப்பிடிப்பது அந்தப் பரம்பரை. ஓடக்கூடிய ஒன்றைப் பழைய இரும்புக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

கே: கோடையில் எப்படி மூடி வைப்பது? (கிங்ஸ்டன்)

ப: டேங்கையும் கார்புரேட்டரையும் வற்ற விடுங்கள். பிளக் துளையில் கொஞ்சம் டூ-டி ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இழுங்கள். சைலன்சர் வாயைத் துணியால் அடையுங்கள், எலிகள் அங்கேதான் பிரசவ வார்டு திறக்கும். டிசம்பரில் அந்தத் துணியை எடுக்காமல் ‘எஞ்சின் கிளம்பவில்லை’ என்று எனக்கு எழுதாதீர்கள்!