செயலாளர் நானா

கல்பிட்டித் தீபகற்பத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்புமாகக் கிடக்கும் எத்தாளை போன்ற ஊர்களில் காணப்படும் மனித வகைகளுள் ஒன்று செயலாளர் நானா. வயது நாற்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் எங்கோ நின்றுவிட்டிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனைகள். ஒன்று அவர் எழுதுவதற்கு. மற்றது கையெழுத்து வைக்க வருகிறவர்களுக்கு. இரண்டாவது பேனை நூலில் கட்டப்பட்டிருக்கும். நூலின் மறுமுனை அவருடைய சட்டைப் பொத்தானில். கக்கத்தில் ஒரு பைல். அது நீலமாக இருந்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள்.

இவர் தோன்றும் விதம் எளிது. ஓர் ஊரில் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம், ஜனாஸா நலன்புரிச் சங்கம் என்று ஐந்தாறு இருக்கும். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டியிடுவார்கள். பொருளாளருக்கு, கடன் இல்லாத ஒருவரைத் தேடுவார்கள். செயலாளர் யார் என்று கேட்டவுடன் சபையில் எல்லோருக்கும் தத்தம் செருப்பைப் பற்றிய கவலை வந்துவிடும், தலைகள் குனியும். அந்த நேரம் பார்த்து மின்விசிறி ஏன் சுற்றவில்லை என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவரே செயலாளர் நானா. ஒரு சங்கத்துக்கு அகப்பட்டவரை மற்றச் சங்கங்களும் விடுவதில்லை. எல்லாக் கூட்ட அறிக்கைகளும் ஒரே கையெழுத்தில் இருப்பது தணிக்கைக்கு வசதி என்பார்கள்.

பெண்பால் வகையும் உண்டு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர் செயலாளர் தாத்தா. (தமிழ்நாட்டு வாசகர் மீசையைக் கற்பனை செய்ய வேண்டாம்; இப்பக்க முஸ்லிம் வீடுகளில் நானா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா.) அவரிடம் பைல் கிடையாது, மனப்பாடம்தான். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, யார் கிளினிக் கார்டைத் தொலைத்தது என்பதெல்லாம் அவரிடம் கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டாலும் கிடைக்கும்.

இந்த வகைக்குத் தீனி போட்டு வளர்த்தது விண்ணப்பப் படிவம். 1963இல் பழைய ஊர்த்தலைமை முறை போய்க் கிராம சேவகர் வந்தார்; பின்னர் பதவிப் பெயர் மாறியும் ஊர் வாயில் அவர் இன்றைக்கும் விதானைதான். 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. அரசாங்கம் மாறும்போது திட்டத்தின் பெயர் மாறும், தாளின் நிறம் மாறும். வீட்டில் எத்தனை பேர், கூரை என்ன கூரை, மாத வருமானம் எவ்வளவு என்ற கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. கடலுக்குப் போகிறவனின் மாத வருமானம் என்பது கடலிடம் கேட்க வேண்டிய கேள்வி. செயலாளர் நானா அந்தக் கட்டத்தில் ஒரு தொகையை எழுதி, எழுதிய கையாலேயே நெற்றியையும் துடைத்துக்கொள்வார். அஸ்வெசும தொடங்கியபோது குடும்பங்களை நான்கு படிகளாகப் பிரித்து, மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை கொடுத்தார்கள். அந்நாட்களில் எதிர்வீட்டுக்காரருக்கு எந்தப் படி கிடைத்தது என்பதை அறிய செயலாளர் நானாவின் வாசலுக்கு வந்தவர்கள், தங்கள் படியை விசாரிக்க வந்தவர்களைவிட அதிகம்.

அவருடைய முதன்மைத் தொழில் ஆள் சேர்ப்பது. ஊருக்கு வரும் எந்த நன்மையும், அது கண் பரிசோதனை முகாமாகட்டும், பிள்ளை வளர்ப்புக் கருத்தரங்காகட்டும், இளைஞர் தொழிற்பயிற்சிக்கான நேர்முகமாகட்டும், முந்தின நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பாகத்தான் வரும்.

“நாளைக்குக் காலை ஒன்பது மணி. ஐம்பது பேர் வேணும்.”

“ஐம்பதா சேர்? எழுபதே வரும்.”

இப்படிச் சொல்லி வைத்துவிட்டு, மஃரிப் தொழுகை முடிந்ததும் ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கத் தொடங்குவார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியைக் கேட்டுப் பார்த்திருப்பார். ஆனால் அதில் ஜனாஸா அறிவித்தல்கள் கேட்டுப் பழகிய ஊர், எந்த அறிவித்தலுக்கும் முதலில் இன்னாலில்லாஹி சொல்லிவிடும். ஆகவே நடைதான். வீட்டுக்கு வீடு கேள்வி ஒன்றே.

“என்ன குடுக்கிறாங்க நானா?”

“ஒண்டும் குடுக்கல்ல. விளக்கம் குடுக்கிறாங்க.”

“விளக்கம் வீட்டுல ஈக்கிது நானா. மாமி நாளெல்லாம் தாறா.”

கூட்டம் எவ்வளவு சேரும் என்பதற்கு இவ்வகையினரிடம் அனுபவ விதிகள் உண்டு. போசாக்கு பற்றிய பேச்சு என்றால் பதினொரு பேர். அவர்களில் மூவர் கூட்டம் நடக்கும் வீட்டுக்காரர்கள். மூக்குக் கண்ணாடி இலவசம் என்றால், கண் நன்றாகத் தெரிகிறவர்களும் தடுமாறிக்கொண்டு வருவார்கள். தென்னங்கன்று என்று யாராவது காற்றில் சொல்லிவிட்டால் போதும். தென்னை முக்கோணத்தில் பிறந்த மாவட்டமல்லவா, நிலமே இல்லாதவர்களும் சாக்கோடு நிற்பார்கள். சோத்துப் பார்சலுக்குத் தனி விதி. ஐம்பது சொன்னால் தொண்ணூறு பேர் வருவார்கள். அதை நம்பி அடுத்த முறை தொண்ணூறு சொன்னால் இருபது பேர் வருவார்கள். அன்றிரவு செயலாளர் நானாவின் வீட்டில் எழுபது பார்சல் இருக்கும்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. வாடைக் காலத்தில் கடல் அமைதி. வள்ளங்கள் போய்விடும், கரைவலை இழுக்க ஆட்கள் போய்விடுவார்கள், கூட்டத்தில் பெண்களும் பிள்ளைகளும்தான். சோளகம் கிளம்பி மே மாதத்தில் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் ஆண்கள் கரையேறுவார்கள், கூட்டம் நிறையும், கேள்விகளும் கூடும். அதே சோளகத்துக்காகத்தான் வெளிநாட்டார் பணம் கட்டிக் கல்பிட்டிக்கு வந்து, பட்டத்தில் தொங்கியபடி நீரில் சறுக்குகிறார்கள். ஒருவருடைய தொழிலைக் கெடுக்கும் காற்று இன்னொருவருக்குப் பொழுதுபோக்கு என்பதைக் கரையிலிருந்து பார்க்கும் மீனவர்கள் சொல்வதை அச்சிட முடியாது.

இனி நிகழ்ச்சி நாள். அழைப்பில் ஒன்பது மணி. செயலாளர் நானா எட்டுக்கே போய்ப் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கியிருப்பார். பிள்ளைகள் எட்டேகாலுக்கு வந்து அவற்றைக் கலைத்திருப்பார்கள். அதிகாரிகள் பத்தரை. அதிகாரிகள் பத்தரைக்குத்தான் வருவார்கள் என்று தெரிந்த மக்கள் பதினொன்று. மக்கள் பதினொன்றுக்குத்தான் வருவார்கள் என்று தெரிந்தபடியால் பத்தரைக்கு வந்தோம் என்பது அதிகாரிகளின் கட்சி. இந்த வழக்கு தீராது.

மேடைக்குப் பின்னால் மும்மொழிப் பதாகை. அதன் தமிழ் வரியில் ஒரு பிழை இருக்கும். இல்லாவிட்டால் அது வேறு நாட்டிலிருந்து வந்த பதாகை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பதாகை அச்சிடுகிறவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேராததுபோல் தெரிகிறது. ‘குடும்ப நலன்’ என்பது ‘குடும்ப நவன்’ ஆகியிருக்கும். இந்த இடத்தில்தான் செயலாளர் நானாவின் முழுத் திறமையும் வெளிப்படும். படம் எடுக்கும் வேளையில் கூட்டத்திலேயே உயரமான பையனைப் பிடித்துச் சரியாக அந்த எழுத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதங்களையும் அவர்தான் சபைக்கு வாசிப்பார். ஒரு பக்கக் கடிதம் அவர் வாயில் இரண்டு வாக்கியமாகும்: “வரச் சொல்லுறாங்க. ஐடென்டிட்டி கார்டு கொண்டு வரச் சொல்லுறாங்க.” இதுவரை இந்த மொழிபெயர்ப்பு பிழைத்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது கையெழுத்துத் தாள். நிகழ்ச்சி நடந்ததா என்பதை அலுவலகம் அதை வைத்துத்தான் அறிகிறது. யாருக்கு என்ன விளங்கியது என்பதற்கு அதில் கட்டம் இல்லை. ஐம்பது கோடுகள் போட்ட தாளில் முப்பத்தொரு பேர்தான் என்றால் பார்க்க வெறிச்சென்றிருக்கும். அப்போது தெருவில் போகிறவர், தேத்தண்ணி கொண்டுவந்த பையன், ஆட்டைத் தேடி வந்த கிழவி எல்லோரும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோராகக் கையெழுத்து வைப்பார்கள். இதில் மோசடி என்று சொல்ல அதிகம் இல்லை. அந்தக் கிழவி வீட்டிலும் பேரப்பிள்ளை உண்டு, மருமகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். தாளில் வராமல் காதால் வாங்கிப் போகிறவர்கள்தான் உண்மையில் பெருந்தொகை. ஆனால் அவர்களை எண்ணப் படிவம் இல்லை.

1973இல் தொடங்கிய திரிபோஷவின் கதை இதற்கு நல்ல உதாரணம். கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் என்று கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா அது. தாளில் பிள்ளையின் பெயர் இருக்கும். வீட்டுக்குப் போனதும் தேங்காய்ப் பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால், நிறை கூடுவது வாப்பாவுக்கு.

வருடத்தில் சில நாட்கள் ஆள் சேர்க்கும் வேலை இல்லாமலே கழியும். முதல் தவணையில் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் ஊரே மைதானத்தில். பெற்றோருக்கான கயிறிழுத்தலில் கயிறு அறுவதும், செயலாளர் நானா விசில் ஊதி இரு தரப்பிடமும் ஏச்சு வாங்குவதும் நிகழ்ச்சி நிரலில் அச்சிடாத உருப்படிகள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு வாளியோடு நிற்கும் பிள்ளைகளை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் ஓரிடத்தில் செய்து தரும் நடமாடும் சேவைக்கும் அப்படித்தான். அது நடக்கும் நாளில் அவருடைய பைல் பாதியாக மெலிந்துவிடும். அவருக்கு உள்ளூரப் பொறாமை தருவது பக்கத்திலுள்ள தலவில புனித அன்னம்மாள் கோயில் திருவிழா. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தீவின் நாலா பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சட்டி பானையோடு வந்து தங்குகிறார்கள். வீதியோரம் நின்று, பஸ்களை எண்ணி, ஒரு கையெழுத்துத் தாள்கூட இல்லாமல் இத்தனை பேரா என்று பெருமூச்சு விடுவார்.

அண்மைக் காலத்தில் வாட்ஸ்அப் குழு வந்து இவ்வகையை அழித்துவிடும் என்று இளைஞர்கள் எதிர்பார்த்தார்கள். ‘ஊர் அறிவித்தல்’ என்று குழு திறந்த முதல் வாரத்தில் ஓர் அறிவித்தலும், முப்பது காலை வணக்கமும், பாதி விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிளும், சுட்ட வாளை மீனின் படமும் வந்தன. கண் முகாம் பற்றிய செய்தி வாளை மீனுக்குக் கீழே போய்விட்டது. செயலாளர் நானா மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் அவர் பதவி விலகுவார். உடல்நிலை, வீட்டுப் பொறுப்பு, இளையவர்களுக்கு வழிவிடல் என்று மூன்று காரணங்கள் சொல்வார். சபை மிகுந்த கவலையோடு செருப்பைப் பார்க்கும். வேறு பெயர் எதுவும் முன்மொழியப்படாது. பிறகு அவரே கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து, செயலாளரின் இராஜினாமாவைச் சபை ஏகமனதாக நிராகரித்தது என்று எழுதி, நூலைத் தளர்த்தி, கையெழுத்து வைக்கப் பேனையைத் தலைவரிடம் நீட்டுவார்.