காதில் பூ, கழுத்தில் தோரியம்

எங்கள் குடும்பப் புலனக் குழுவில் எழுபது பேர். இரண்டு டாக்டர், மூன்று எஞ்சினியர், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர். ஜூலை பிறந்தால் போதும், அந்தத் தகவல் தவறாமல் வந்து விழும். அபீலியனாம், சூரியன் விலகப் போகிறதாம். 9 கோடி கிலோமீட்டராக இருந்த தூரம் 15 கோடியே 20 லட்சமாகிவிடுமாம். ஆகஸ்ட் வரை குளிர் வாட்டுமாம். சளி, இருமல், மூச்சுத்திணறல் எல்லாம் வருமாம். போர்த்திக்கொண்டிருங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், 33 டிகிரியில், பனியன் நனைய உட்கார்ந்துகொண்டு என் சித்தப்பா ஒருவர் “நல்ல தகவல்” என்று கைகூப்புகிற பொம்மை போடுவார்.

பூமியின் பாதை முழு வட்டமில்லை, கொஞ்சம் நசுங்கியது. ஜனவரி தொடக்கத்தில் சூரியனிடமிருந்து 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறோம். ஜூலை தொடக்கத்தில் 15 கோடியே 21 லட்சம். வித்தியாசம் நூற்றுக்கு மூன்று சொச்சம். அதற்குப் போர்வை தேவையில்லை. அந்த 9 கோடிதான் எனக்குப் பிடித்த இடம். வெள்ளிக் கிரகமே சூரியனிலிருந்து 10 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. அதாவது, குடும்பக் கணக்குப்படி ஜூன் மாதம் வரை நாம் வெள்ளியையும் தாண்டிச் சூரியனின் மடியில் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். பத்துமலையில் 272 படி ஏறியிருக்கவே வேண்டாம். ஆவியாகவே முருகனிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். மூன்று எஞ்சினியர்களும் கப்சிப். பெரியப்பாதான் பதில் போட்டார்: “அனுப்பினதுல என்ன நட்டம் தம்பி? இருந்தா இருக்கட்டுமே.”

இருந்தா இருக்கட்டுமே. இந்த ஒரு வாக்கியத்தை நம்பி இந்த நாட்டில் எத்தனை பேர் காடி வாங்கியிருக்கிறார்கள், வீடு கட்டியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் தலைசுற்றும். பொய்த் தகவலை அனுப்ப ஒரு காசு செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் நம்புகிற பழக்கத்தை இலவசமாக வளர்த்துக் கொடுத்துவிட்டால், அறுவடைக்கு வேறொருவன் கோட்டும் டையுமாக வந்து நிற்கிறான்.

வந்தான். கிள்ளானில், தெங்கு கிளானா சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கடைவீட்டு மாடி. ஞாயிற்றுக்கிழமை, குளிர்சாதனம், நெகிழிக் கிண்ணத்தில் கேசரி. பெரியப்பாதான் என்னை அழைத்துப் போனார். ஐம்பது அறுபது பேர். பாதிப் பேர் தோட்டத்திலும் ஃபேக்டரியிலும் உழைத்துத் தேய்ந்து, சேமநிதிப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்கள். மேடையில் இருந்தவன் கறுப்புப் பதக்கம் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். ஜப்பான் எரிமலைக் குழம்பாம். குவாண்டமாம். எதிர்மின் அயனியாம். 5ஜி கோபுரத்திலிருந்து வரும் கதிர்வீச்சைத் தடுத்து நிறுத்துமாம். 300 வெள்ளி. ஒரு வருஷம் கேரண்டி. நாலு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுடையது இலவசம்.

அப்புறம் செய்முறை விளக்கம். ஓர் அம்மாவைக் கூப்பிட்டு, காலைச் சேர்த்து நிற்கவைத்து, பக்கவாட்டில் கையை நீட்டச் சொல்லி, அழுத்தினான். அம்மா சாய்ந்தார். பதக்கத்தை மாட்டி மறுபடி அழுத்தினான். அம்மா தூணாக நின்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நான் அவன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்முறை கையை வெளிப்பக்கமாக இழுத்து அழுத்தினான். எடை பாதத்தைவிட்டு வெளியே போனது, யாராக இருந்தாலும் சாய்வார்கள். இரண்டாம்முறை உடம்பை நோக்கித் தள்ளி அழுத்தினான். பதக்கத்துக்குப் பதில் ஒரு பரோட்டாவைக் கட்டியிருந்தாலும் அம்மா நின்றிருப்பார். இதே மாதிரி ஆட்டிக் காட்டி விற்ற ‘பவர் பேலன்ஸ்’ கைப்பட்டைக்காரர்கள், தாங்கள் சொன்னதற்கு நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை என்று 2010இல் ஆஸ்திரேலியாவில் ஒப்புக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். கிள்ளான் மாடியில் அந்தச் செய்தி படியேறி வரவில்லை.

ஏமாற்று என்றால் அதோடு விட்டுவிடலாம். வெறும் கல்லை 300 வெள்ளிக்கு விற்றால் அது திருட்டு, அவ்வளவுதான். இது வெறும் கல்லாக இருந்திருந்தால் நான் கும்பிட்டிருப்பேன்.

2021 டிசம்பரில், நம் ஊரில் 5ஜி தொடங்கிய அதே மாதம், நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்துவிட்டு, உடனே கழற்றுங்கள் என்றது. பதக்கங்கள், தூங்கும்போது கண்ணில் கட்டும் பட்டை, குழந்தைகளுக்கான கைவளையம் ஒன்று. அத்தனையும் கதிரியக்கம் உள்ளவை. ‘எதிர்மின் அயனி’ வரவேண்டுமென்று அரைத்துக் கலக்கிற தாதுப்பொடியில் தோரியம் இருக்கும். அயனி வரத்தான் செய்யும். அணுக்கதிர் பட்டால் காற்று அயனியாகாமல் என்ன ஆகும்? இரவும் பகலும் வருஷக்கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடந்தால் கேடுதான். 5ஜி அலையோ, ஓர் அணுவிலிருந்து ஒற்றை எலக்ட்ரானைக்கூடப் பிடுங்க வக்கில்லாதது. சாமி அறைக் காமாட்சி விளக்கின் ஒரு துளி ஒளிக்கு அதைப்போல லட்சம் மடங்குக்கு மேல் சக்தி. விளக்கைக் கும்பிடுகிறோம், கோபுரத்துக்கு நடுங்குகிறோம், தோரியத்தைத் தாலி மாதிரி கட்டிக்கொள்கிறோம்.

வேறு எந்த நாட்டுக்காரன் இதைச் செய்தாலும் மன்னிக்கலாம். ஈப்போ பக்கம் புக்கிட் மேராவில் 1982இல் வேலையைத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் தொழிற்சாலை, ஈயமணல் கழிவிலிருந்து அருமண் பிரித்துவிட்டு, மிஞ்சிய தோரியக் கழிவை ஊர்க்காரர்களுக்குப் பக்கத்தில் விட்டுவைத்தது. ஊர் எதிர்த்தது. பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது தாய்மார்கள் காரணம் கேட்டார்கள். 1985இல் ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். மறு ஆண்டே மேல்நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும் 1994இல் ஆலை மூடியது. ‘தோரியம் வேண்டாம்’ என்று சொல்ல அந்த ஏழைச் சனங்கள் பத்து வருஷம் தெருவில் நின்றார்கள். நாம் மாதத் தவணை கட்டி மாட்டிக்கொள்கிறோம், கேசரி சாப்பிட்டுக்கொண்டு. அந்தப் பிள்ளைகளின் பெயர் குழுவில் ஒருநாளும் வந்ததில்லை. அபீலியன் வருஷம் தவறாமல் வருகிறது.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மைத்துனர் கெய்கர் கருவியைக் கொண்டுவந்து பெரியப்பா கிள்ளானில் வாங்கி மாட்டியிருந்த பதக்கத்தருகே வைத்தார். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி சடசடத்தது. பெரியப்பா கொஞ்ச நேரம் உன்னிப்பாகக் கேட்டார்.

“நல்லாத்தான் வேலை செய்யுது போல.”

“பெரியப்பா, இது தோரியம். கதிர்வீச்சு.”

“எத்தனை வருஷத்துக்கு வரும்?”

“பாதி தீரவே 1,400 கோடி வருஷம்.”

பெரியப்பா பதக்கத்தைச் சட்டைக்குள் பத்திரமாக விட்டுக்கொண்டார். “அந்தப் பையன் ஒரு வருஷந்தான் கேரண்டின்னான். அடக்கமான பிள்ளை. பேரனுக்கும் ஒரு கைவளையம் சொல்லியிருக்கேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினார்.

“இருந்தா இருக்கட்டுமே தம்பி.”