விருதைப் பாத்து கோச்சு புடிச்ச கதை

எலே பேராண்டி, அந்த செல்லைக் கொஞ்சம் கீழ வையி. "இந்தக் கோச்சு வந்தா டீமு தேறிரும், அந்தக் கோச்சு வந்தா தேறாது"ன்னு சேக்காளிகளோட மணிக்கணக்கா அளக்கியளே, நானும் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன். அமெரிக்காவுல என்பிஏன்னு கூடைப்பந்து லீக்கு இருக்குல்லா, அதுல ஆடுத டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் பட்ட பாடு தெரியுமாலே உனக்கு?

லேசுப்பட்ட டீமா அது? 1989, 1990, 2004னு மூணு தடவை கப்பு தூக்குனது. அப்புறம் தேஞ்சு போச்சு. 2018ல ட்வெயின் கேசியைக் கூப்பிட்டாவ. ஏன்? அந்த வருஷத்துச் சிறந்த கோச்சுன்னு அவருக்கு விருது. விருது கைக்கு வாரதுக்குள்ள அவரை வச்சிருந்த டொரோண்டோக்காரன் வீட்டுக்கு அனுப்பிட்டான், அது வேற கதை. அஞ்சாவது வருஷம் டெட்ராய்ட் 82 ஆட்டத்துல செயிச்சது 17.

சூடு பட்டவன் என்ன செய்வான்? தள்ளி நிப்பான். இவுக 2023ல மான்ட்டி வில்லியம்ஸைப் புடிச்சாவ. அவரும் 2022ல சிறந்த கோச்சு. அவரையும் ஃபீனிக்ஸ்காரன் அனுப்பிட்டான். ஒரு வருஷம் ஓய்வா இருப்போம்னுதான் மனுசனுக்கு முதல்ல நெனப்பு. ஆறு வருஷத்துக்கு 78.5 மில்லியன் டாலர்னு எழுதி நீட்டுனா எவனுக்குலே ஓய்வு வரும்? அதுவரைக்கும் என்பிஏல எந்தக் கோச்சுக்கும் அம்புட்டுப் பணம் யாரும் எழுதுனதில்ல.

பேப்பர்ல பாத்தா எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதையும் சொல்லத்தான வேணும். 19 ஆட்டம் மட்டும் செயிச்சுக் கெடந்த ஃபீனிக்ஸை 2019ல கையில வாங்குனாரு. ரெண்டாவது வருஷமே இறுதிப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதுக்கடுத்து 64 செயிப்பு. அப்ப, நொடிச்ச டீமைத் தூக்கி நிறுத்துத ஆளுன்னு நெனச்சது தப்பா? இல்ல. ஆனா அங்க பந்து யாரு கையில இருந்துச்சு? கிறிஸ் பால். பழந்தின்னு கொட்டை போட்ட ஆளு. பக்கத்துல டெவின் புக்கர், அஞ்சாறு வருஷம் தோத்துத் தோத்துத் தேறுன பய. டெட்ராய்ட்ல யாரு இருந்தா? கேட் கன்னிங்ஹாம், ஜேடன் ஐவி, ஜேலன் டூரன், ஆசார் தாம்சன். நேத்து மீசை முளைச்ச பயலுவ.

கன்னுக்குட்டியை நொகத்துல பழக்கணும்னா கூட எதைப் பூட்டுவ? இன்னொரு கன்னையா? உழுதவன்கிட்டக் குத்தம் சொல்லதுக்கு முன்ன ஏருல என்ன பூட்டியிருந்துச்சுன்னு கொஞ்சம் குனிஞ்சு பாருலே.

அதுக்காக மான்ட்டியை நான் விட்டுருவேன்னு நெனைக்காத. முதல் மூணு ஆட்டத்துல ரெண்டு செயிச்சாவ. அடேயப்பான்னு எல்லாரும் வாயைப் பொளந்தாவ. அப்புறம் தோத்தாவ, தோத்தாவ, தோத்துக்கிட்டே இருந்தாவ. ஒன்னில்ல ரெண்டில்ல, வரிசையா 28. ஒரே சீசன்ல அப்படித் தோத்த டீமு அதுக்கு முன்ன கெடையாது. பாக்க வந்த சனம் முதலாளி டாம் கோர்ஸைப் பாத்து "டீமை வித்துட்டுப் போ"ன்னு கத்துச்சு. ஐவின்னு ஒரு பய, குதிரைக்குட்டி மாதிரி ஓடுதவன், புது ஆளுவளை எடுக்குத தேர்வுல அஞ்சாவதா எடுத்து வந்தவன். அவனைப் பெஞ்சுல ஒக்கார வச்சுட்டு கில்லியன் ஹேய்ஸை எறக்குனாரு. பிப்ரவரியில அந்த ஹேய்ஸையே டீமு கணக்குத் தீத்து அனுப்பிருச்சு. வளக்கதுக்குன்னு எடுத்த புள்ளையைப் பெஞ்சுல வச்சு வளக்க வித்தை நம்ம ஊருல யாருக்கும் தெரியாதுப்பா.

கடைசிக் கணக்கு 14 செயிப்பு, 68 தோல்வி. 2024 சூன்ல மான்ட்டியை அனுப்பிட்டாவ. அனுப்புனாலும் பாக்கி அஞ்சு வருஷத்துக்கு 65 மில்லியன் டாலருக்கு மேல குடுக்கணும். வேலைக்குப் போகாமச் சம்பளம்! நீ என்னமோ கம்ப்யூட்டர் படிக்கணும்னு நிக்க.

அப்புறந்தான் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தாரு. அன்னிக்கு இவருக்கு விருதும் இல்ல, கப்பும் இல்ல. கிளீவ்லாண்ட்காரன் அப்பத்தான் அவரை அனுப்பியிருந்தான். "இதுக்கு மேல இவரால ஏறாது"ன்னு பேச்சு. சரிலே, ஏறாது. எறங்கிக் கெடந்தப்ப என்ன செஞ்சாருன்னு எவனாவது கேட்டானா? கிளீவ்லாண்ட்ல முதல் முழு சீசன்ல 22 செயிப்பு, அடுத்து 44, அதுக்கடுத்து 51. அதுக்கு முந்தி ஹூஸ்டன், மெம்ஃபிஸ் ரெண்டுலயும் நடுவுல எவனையோ தூக்குனப்ப ஓடி வந்து தாங்குன ஆளு. அவுக அப்பா பெர்னியும் கோச்சு. 2004ல சார்லட்ல புதுசா ஒரு டீமு தொடங்குனாவல்லா, அதுக்கு அப்பன் கோச்சு, மகன் துணைக் கோச்சு. முதல் வருஷம் 18 செயிப்பு. தோத்துட்டு வார பயலுவ மொகம் எப்படி இருக்கும்னு வயசுலயே பாத்தவரு.

அவரு வந்த அதே வருஷம் டோபியாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லின்னு விவரந் தெரிஞ்ச ஆளுவளையும் கூட்டியாந்தாவ. பீஸ்லி ஒருத்தனே தூரத்துல நின்னு 300க்கு மேல எறிஞ்சு போட்டான். ஐவியும் திரும்பக் களத்துல எறங்குனான், பாவம், சனவரியில காலை ஒடைச்சுக்கிட்டான். மொத்தத்துல 14, 44 ஆச்சு. ப்ளேஆஃபுக்குப் போயி, நியூயார்க்கோட ஆறு ஆட்டம் வரைக்கும் மல்லுக்கட்டித்தான் தோத்தாவ. பெருமை கோச்சுக்கா, வந்த ஆளுவளுக்கான்னு கேட்டா ரெண்டு பேருக்கும் பிச்சுக் குடு. தராசு கொண்டா வேணும்?

ஒனக்கு இன்னொன்னு. பிக்கர்ஸ்டாஃபை அனுப்புன கிளீவ்லாண்ட் அதே வருஷம் கென்னி அட்கின்சன்னு புதுக் கோச்சை வச்சு 64 ஆட்டம் செயிச்சுது. அவருக்குச் சிறந்த கோச்சு விருதும் குடுத்தாவ. "பாத்தியளா தாத்தா"ன்னு நீ அன்னிக்குத் துள்ளிக் குதிச்ச. ப்ளேஆஃப்ல எந்தச் சுத்துல வெளிய வந்தாவ? ரெண்டாவது சுத்துல. பிக்கர்ஸ்டாஃபை எந்தச் சுத்துல தோத்ததுக்கு அனுப்புனாவ? நீயே அந்தச் செல்லை எடுத்துப் பாத்துச் சொல்லுலே.